ஏலக்காட்டுச் சரிவும் ஆடுசதை வலியும்

கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிறவள் நான். ஏலம் செடியின் தூரில் காய்க்கும். நாள் முழுக்கக் குந்தியபடி காய் எடுத்துவிட்டு, மூட்டையோடு சரிவில் இறங்க வேண்டும். ராத்திரி படுத்தால் ஆடுசதையில், அதாவது கெண்டைக்காலில், குரக்களி (தசைப்பிடிப்பு) பிடித்துவிடும். தைலம் தேய்த்தால் அப்போதைக்குச் சரியாகும், அவ்வளவுதான்.

கம்பத்தில் பிசியோதெரபி பார்க்கும் அம்மா, "சதையில் தெம்பு ஏற வேண்டும்மா" என்று சொல்லிக் கொடுத்தார். சுவரில் கை ஊன்றி, முழங்கால் மடங்காமல் குதிகால் இரண்டையும் தூக்க வேண்டும். இறக்கும்போது மூன்று எண்ணி, மெதுவாக. ஒரு சுற்றுக்குப் பத்துத் தடவை, மூன்று சுற்று. மேலே உருண்டு தெரிகிற சதைக்கு இது. அதற்கு அடியில் இன்னொரு தசை இருக்கிறது; முழங்காலை மடக்கினால்தான் அதற்கு நல்ல வேலை. நாற்காலியில் உட்கார்ந்து, தொடைமேல் அரிசிப் பையை வைத்துக் குதிகாலைத் தூக்குவேன்.

எனக்கு அதிகம் பலன் தந்தது வாசல்படிதான். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, படி விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே மெல்ல இறக்குவேன். சரிவில் இறங்கும்போது உடம்பைத் தாங்குவதும் இதே வேலைதானே! பழகிய அப்புறம் ஒற்றைக் காலில் செய்தேன். இப்போது குரக்களி அபூர்வம்.

ஆனால் ஒரு காலில் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் பயிற்சி வேண்டாம். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.