டயர் தேய்மானம் பார்ப்பது எப்படி? உள்விளிம்பை விட்டுவிடாதீர்கள்

காரைச் சுற்றி ஒரு நடை நடந்து, டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. நின்றபடி பார்த்தால் கண்ணில் படுவது வெளிவிளிம்புதான். பல கார்களில் உள்விளிம்புதான் முதலில் மொட்டையாகிறது.

அளப்பதற்கு முன் ஒரு விஷயம். டயரில் பள்ளம் இருப்பது பிடிப்புக்காக என்று பலர் நினைக்கிறார்கள். காய்ந்த ரோட்டில் மொட்டை டயர்கூட நன்றாகவே பிடிக்கும். பந்தயக் கார்களுக்கு வெயில் நாளில் பள்ளமே இல்லாத டயரைத்தான் மாட்டுகிறார்கள். பள்ளம் இருப்பது தண்ணீருக்காக. ஈர ரோட்டில் வேகமாகப் போகும்போது தண்ணீர் அந்தப் பள்ளங்கள் வழியாக வெளியேற வேண்டும். வழியில்லாவிட்டால் டயருக்கு அடியில் புகுந்து அதை ரோட்டிலிருந்து தூக்கிவிடும். ஸ்டீயரிங் சட்டென்று லேசாகும், பிரேக் மிதித்தாலும் கார் நிற்காது. "தினமும் ஓட்டுகிறேன், ஒரு குறையும் தெரியவில்லையே" என்பதெல்லாம் மழை வரும்வரைதான்.

புது கார் டயரில் பள்ளம் சுமார் 8 மி.மீ. ஆழம் இருக்கும். பல நாடுகளில் சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. நான் அதுவரை காத்திருக்க மாட்டேன். 3 மி.மீ.க்குக் கீழே போனாலே ஈர ரோட்டில் கார் நிற்க எடுக்கும் தூரம் நன்றாகவே கூடிவிடும். 3 வந்தால் புது டயருக்குக் காசு எடுத்து வைப்பேன்.

என்னென்ன வேண்டும்

டயர் ஆழம் அளக்கும் கேஜ், டார்ச், கையுறை, சாக்பீஸ். டிஜிட்டல் கேஜ் எனக்குப் பிடிக்காது. தேவைப்படும் நாளில்தான் பேட்டரி தீர்ந்திருக்கும். ஊசியை அழுத்திக் கோடு பார்க்கும் சாதா கேஜ் போதும். தட்டையான கண்ணாடி மேல் வைத்து அழுத்தி, பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். காசைச் செருகிப் பார்க்கும் வழி அவசரத்துக்கு ஆகும். ஆனால் எது எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை அது சொல்லாது.

1. நிறுத்துங்கள், திருப்புங்கள்

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைப்பதற்கு முன் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுதும் திருப்பிவிடுங்கள். ஒரு முன்டயரின் முன்பாதியும் மற்றதன் பின்பாதியும் வெளியே நீட்டிக்கொண்டு வரும். இப்போது உள்விளிம்பு வரை பார்க்கலாம். ஜாக்கி தேவையே இல்லை; ஜாக்கி மேல் நிற்கும் காருக்கு அடியில் தலையை விடவே கூடாது.

2. கட்டையைக் கண்டுபிடியுங்கள்

டயரின் பக்கவாட்டில், மேல் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்ற ஆங்கில எழுத்துகளோ சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் குறுக்கே ஒரு ரப்பர் கட்டை தெரியும். அதன் உயரம் 1.6 மி.மீ. டயரின் மேல்பரப்பு தேய்ந்து அந்தக் கட்டைக்குச் சமமாகிவிட்டால் டயரின் கதை முடிந்தது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஏன் என்பது அடுத்த படியில்.

3. அளங்கள்

நான் அதிகம் திணறியது இதில்தான். ஒரே டயரில் பக்கத்துப் பக்கத்து இடங்களில் வேறு வேறு எண் வந்துகொண்டே இருந்தது. ஊசி அந்தக் கட்டை மேல் உட்கார்ந்தால் 1.6 குறைவாகக் காட்டும்: 4 மி.மீ. உள்ள டயர் 2.4 என்று பயமுறுத்தும். பள்ளத்தில் சிக்கிய சிறு கல்லும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் சாக்பீஸ் கோட்டைத் தவிர்த்து, கல்லை எடுத்துவிட்டு, கேஜின் அடிப்பாகம் ரப்பர் மேல் ஆடாமல் படியும்படி வைத்து அழுத்துங்கள்.

வெளிப் பள்ளம், நடுப் பள்ளம், உள் பள்ளம் மூன்றையும் அளங்கள். காரைக் கொஞ்சம் நகர்த்தி, டயரின் வேறு இரண்டு இடங்களிலும் அதேபோல. சராசரி எடுக்காதீர்கள். இருப்பதில் குறைந்த எண்தான் அந்த டயரின் எண்.

பின்டயர்களைத் திருப்ப முடியாது. காருக்குப் பின்னால் குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், அல்லது போனை உள்ளே நீட்டி வீடியோ எடுங்கள். உள்விளிம்பைக் கையால் தடவுவதானால் கையுறை கட்டாயம். மிகவும் தேய்ந்த டயரில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டு கையைக் கிழித்துவிடும். கம்பி தெரிந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

4. தேய்ந்த விதத்தைப் படியுங்கள்

நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்; இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஒரு திசையில் தடவினால் வழவழப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு என்றாலும் அதே சந்தேகம்தான். திட்டுத்திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைச் சோதியுங்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே ஓரத்தில்தான் தேயும்.

பின்னர் சேர்த்தது

"பள்ளம் 6 மி.மீ. இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் வெடிப்பு" என்று ஒருவர் கேட்டிருந்தார். அது வயதின் வேலை. டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் தயாரானது. அந்த நான்கு எண்கள் சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். வெளியே காணோமென்றால் உள்பக்கம் தேடுங்கள்.

இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் எங்கே போடுவது? முன்சக்கரம் இழுக்கும் காராக இருந்தாலும் புது டயர் பின்னால்தான். ஈரத்தில் முன்பக்கம் வழுக்கினால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் கார் வைத்திருப்பவர்கள் இதைச் செய்வதற்கு முன் காரின் கையேட்டைப் பாருங்கள். முன்னும் பின்னும் ஆழ வித்தியாசம் அதிகமானால் சில கார்களில் கியர் அமைப்பே பாதிக்கப்படும்.