பங்குனி வெயில்ல மாடிச் செடி கருகாம இருக்க

ஜெர்மனில இருக்கற சித்தி பொண்ணு போன ஏப்ரல்ல ஒரு போட்டோ அனுப்பினா, ராவோட ராவா உறைபனி விழுந்து தக்காளி நாத்தெல்லாம் கருகி தொங்குது. அதே வாரம் வேலூர் சத்துவாச்சாரில என் மாடியிலயும் நாத்து கருகி கெடந்துச்சு, நமக்கு வெயில் அவ்ளோதான் வித்தியாசம்.

கத்திரி வெயில் மே 4 வாக்குலதான ஆரம்பிக்குதுன்னு உக்காந்திருக்காதீங்க, மாசி கடைசிலயே பச்சை நெட் கட்டிடுங்க. 50 சதவீத நிழல் நெட் போதும், அதுக்கு மேல போனா செடி வெளிச்சம் தேடி நெடுநெடுன்னு வளந்து சாஞ்சிடும். புது நாத்த ஒரே நாள்ல முழு வெயில்ல வைக்காம காலைல ரெண்டு மணி நேரம், அப்புறம் மூணுன்னு ஒரு வாரம் பழக்குங்க.

தண்ணி விஷயத்துலதான் நான் மாட்டினேன். மத்தியானம் மூணு மணிக்கு கத்திரி நாத்து வாடி இருந்துச்சேன்னு ஹோஸ திறந்து விட்டேன், மாடி டேங்க்ல வெந்து கெடந்த தண்ணி, அத்தனையும் அவிஞ்சு போச்சு. "இன்னாடா, ரசம் வெக்கிறியா"ன்னு ஆயா கேட்டாங்க. மத்தியானம் இலை தொங்கறது சகஜம், ஆறு மணிக்கும் நிமிரலன்னா விரல மண்ணுல விட்டு பாருங்க, காய்ஞ்சிருந்தா ஊத்துங்க. மத்தபடி காலைல ஏழுக்குள்ள. செடி வச்ச பையில மண்ணு மேல காய்ஞ்ச இலையோ தேங்கா நாரோ ரெண்டு இஞ்சுக்கு மூடாக்கா பரப்பினா ஈரம் நிக்கும், பைய தரையில வைக்காம செங்கல் மேல தூக்கி வைங்க, தளம் சுட்டா வேர்தான் முதல்ல போகும்.

தக்காளி பூ கொட்டுதுன்னு உரம் வாங்கி கொட்டாதீங்க, பகல்ல 35 டிகிரிய தாண்டினா மகரந்தம் கெட்டு காய் பிடிக்காது. மூணுல ஒரு பங்கு வெட்டி விட்டு நிழல்ல வைங்க. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை தாங்கும். இலவம்பாடி முள்ளுக்கத்திரியும் என் மாடில தாங்குது, 2023ல புவிசார் குறியீடு வாங்கினதாச்சே! கொத்தமல்லி சட்டுனு பூ விட்டுடும், அதனால மல்லிய ரெண்டா ஒடச்சு ராத்திரி ஊற வச்சு, நிழல்ல கொஞ்சம் கொஞ்சமா பத்து நாளைக்கு ஒருக்கா விதைச்சு, இளசாவே பறிச்சிடணும். புதினா பாத்திரம் கழுவற இடத்தோரமா இருந்தா போதும்.

இலைக்கு அடியில செம்பேன் வந்தா காலைல தண்ணிய பீச்சி அடிங்க, அடங்கலன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்பு கரைசல் கலந்து, சாயங்காலம் மட்டும். வெயில்ல அடிச்சா இலை வெந்துடும்.

இதுக்கு நடுவுல ஒரு நாள் கோடை மழை வரும், முதல்ல காத்து. நெட்ட நாலு பக்கமும் இறுக்கி கட்டியிருந்தா பாராசூட் மாதிரி கம்பியோட பிச்சிட்டு போயிடும், அதனால ஒரு பக்கம் சட்டுனு அவுக்கற முடிச்சா போடுங்க. மழை விட்டதும் மூடாக்க ஒரு நாள் ஒதுக்கி வச்சிட்டு, பைக்கு அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு ஒரு குச்சி விட்டு குத்தி பாத்துடுங்க.