டெக்சாஸ் வரும் கொங்குக் குடும்பங்களுக்கு: ப்ரீ-கே படிவத்தில் தமிழ்னு எழுதுங்க

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து டல்லாஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் வந்து இறங்கும் குடும்பத்தில் நாலு வயசுக் குழந்தை இருந்தால், முதல் கவலை அதை எங்கே விடுறதுங்கிறதுதான். ஊரில்னா அப்புச்சியும் அம்மாயியும் பார்த்துக்குவாங்க. இல்லைன்னா அடுத்த தெரு ப்ளே ஸ்கூல், எந்த மாசம் போனாலும் சேர்த்துக்குவாங்க. இங்கே தனியார் டேகேருக்கு மாசம் ஆயிரம் டாலருக்கு மேல் போகிறது சர்வ சாதாரணம். அந்தப் பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி, உங்க வீட்டு முகவரி எந்தப் பள்ளி டிஸ்ட்ரிக்ட்டில் (அந்தப் பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) வருதுன்னு பாருங்க. அங்கேயே உங்க குழந்தைக்கு இலவச இடம் இருக்கலாம்.

ப்ரீ-கேன்னா கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு. அரசுப் பள்ளி டிஸ்ட்ரிக்ட் நடத்தும் ப்ரீ-கேயில் நாலு வயசுக் குழந்தைக்கு முழு நாள் வகுப்பு. 2019-ல் சட்டம் மாறியதில் இருந்து அப்படித்தான். டிஸ்ட்ரிக்ட்டில் தகுதியுள்ள நாலு வயசுக் குழந்தைகள் 15 பேர் இருந்தாலே வகுப்பு நடத்தியாகணும். செப்டம்பர் 1 அன்னைக்கு நாலு வயசு முடிஞ்சிருக்கணும். செப்டம்பர் 2 பிறந்த குழந்தை அடுத்த வருஷம்தான், கெஞ்சிப் பயனில்லை. விசா எதுன்னு கேட்க மாட்டாங்க. பதிவு பெரும்பாலும் வசந்த காலத்தில் ஆரம்பிக்கும், ஆனா வருஷ நடுவில் வந்தாலும் போய்க் கேளுங்க.

டெக்சாஸில் ப்ரீ-கே எல்லாருக்கும் கிடையாது, தகுதி வேணும். குறைந்த வருமானம், ராணுவக் குடும்பம், வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த குழந்தை, இருக்க வீடு இல்லாத குழந்தை, இப்படிச் சில வழிகள். ஐ.டி. சம்பளக்காரங்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது. பொருந்துறது இன்னொண்ணு: இங்கிலீஷ் பேசவும் புரிஞ்சுக்கவும் இன்னும் வராத குழந்தைக்கு, அப்பாவுடைய சம்பளம் எவ்வளவா இருந்தாலும் இடம் உண்டு.

நம்ம ஆளுங்க இடத்தைப் பறிகொடுக்கிறதும் இங்கேதான். பதிவுத் தாள்களோட ஹோம் லாங்வேஜ் சர்வேன்னு ஒரு பக்கம் வரும். வீட்டில் என்ன மொழிகள் பேசுறீங்க, குழந்தை வீட்டில் என்ன மொழிகள் பேசுது, இதுக்கு முன்னாடி இருந்த வீட்டில் என்ன பேசினாங்க, அவ்வளவுதான் கேள்வி. பொள்ளாச்சியில் ஆறு மாசம் இங்கிலீஷ் மீடியம் ப்ளே ஸ்கூல் போய் ரெண்டு ரைம்ஸ் சொல்லும் குழந்தைக்கு, எல்லாக் கேள்விக்கும் நேரா "இங்கிலீஷ்"னு எழுதிடறாங்க. தமிழ்னு எழுதினா மட்டமா நினைப்பாங்கன்னு ஒரு பயம், பிள்ளை இங்கிலீஷ் பேசுதுன்னு ஒரு பெருமை. மூணு பதிலும் இங்கிலீஷ்னா, குழந்தைக்கு இங்கிலீஷ் எவ்வளவு வருதுன்னு பார்க்கும் மொழித் தேர்வே வைக்க மாட்டாங்க. தேர்வு இல்லைன்னா அந்தத் தகுதியும் இல்லை. காசு கட்டிச் சேருங்க, இல்லைன்னா அடுத்த வருஷம் கிண்டர்கார்டனுக்கு வாங்கன்னு அனுப்பிடுவாங்க.

டெக்சாஸ் அரசுப் பள்ளியில் முதல் தடவை சேரும்போது நிரப்பும் அந்த ஒரு தாள்தான் நிரந்தரக் கோப்பில் இருக்கும். டிஸ்ட்ரிக்ட் மாறினாலும் கூடவே போகும். தப்பா எழுதிட்டா, சேர்ந்த தேதியிலிருந்து ரெண்டு வாரத்துக்குள்ள, குழந்தைக்கு மொழித் தேர்வு நடந்திருக்காத நிலையில் மட்டும், திருத்தச் சொல்லிக் கேட்கலாம். அதுக்கப்புறம் திருத்த முடியாது.

அதனால் உள்ளதை எழுதுங்க. வீட்டில் தமிழ்னா தமிழ். நம்ம பக்கம் வீட்டுக்குள்ள தெலுங்கோ கன்னடமோ பேசுற குடும்பங்கள் நிறைய, அப்போ அதையும் சேர்த்து எழுதுங்க. வீட்டில் நிஜமாவே இங்கிலீஷ் மட்டும்தான்னா அதையே எழுதுங்க, பொய் வேண்டாம்.

அடுத்தது தேர்வு. ப்ரீலாஸ்னு பேர். படத்தைக் காட்டிப் பேர் கேட்பாங்க, சின்னச் சின்ன வேலை சொல்லிச் செய்யச் சொல்வாங்க, ஒரு கதையைச் சொல்லி அதைத் திருப்பிச் சொல்லச் சொல்வாங்க. பரீட்சைன்னதும் நமக்குக் கை துறுதுறுன்னு வரும். முந்தின வாரமே உட்கார வெச்சு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்காதீங்க. குழந்தைக்கு இப்போ என்ன தெரியுமோ அதைத்தான் பார்க்கிறாங்க. தமிழ்னு எழுதினதால் பிள்ளையை மக்கு வகுப்பில் போட மாட்டாங்க, மத்தப் பிள்ளைகளோட உட்கார்ந்து கூடுதலா இங்கிலீஷ் படிக்கும். ஒரு விஷயம் தெரிஞ்சுக்கங்க: இங்கிலீஷ் இன்னும் கத்துக்கிற பிள்ளைன்னு பள்ளிப் பதிவில் போடும் குறியை ப்ரீ-கேயிலும் கிண்டர்கார்டனிலும் எடுக்க மாட்டாங்க, ஒண்ணாம் வகுப்புக் கடைசியில்தான் முதல் வாய்ப்பு. அதுவரை, கிண்டர்கார்டன் தொடங்கி வருஷம் ஒரு தடவை, இங்கிலீஷ் எவ்வளவு முன்னேறியிருக்குன்னு பார்க்கும் டெல்பாஸ் தேர்வு இருக்கும். அதனால் நஷ்டம் ஒண்ணும் இல்லை.

தாள்களில் வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பாஸ்போர்ட் எல்லாம் நீங்களே கொண்டுவந்துருவீங்க. பிறப்புச் சான்றிதழில் குழந்தை பேர் ஏறியிருக்கான்னு ஊரிலேயே பாருங்க. பேர் இல்லாத சான்றிதழோட விமானம் ஏறுறவங்க உண்டு.

தடுப்பூசி அட்டைதான் அதிகம் இழுத்தடிக்கும். ஊரில் 9 மாசத்தில் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே கணக்கில் எடுக்க மாட்டாங்க, முதல் பிறந்த நாளுக்கு அப்புறம் போட்டதுதான் செல்லும். 2016 ஏப்ரலுக்குப் பிறகு கொடுத்த போலியோ சொட்டு மருந்தும் செல்லாது, ஊசியா போட்டிருக்கணும். சின்னம்மை ஊசி நம்ம அரசுத் திட்டத்திலேயே இல்லை, இங்கே கேட்பாங்க. ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டை மட்டும் வெச்சிருக்கிறவங்க, கிளம்பும் முன்னாடி குழந்தை டாக்டர்கிட்ட போய் எல்லா ஊசியையும் ஒரே தாளில், மாசத்தை எழுத்தால் எழுதி, முத்திரை வாங்கிக்கங்க. 05/08-ன்னா நமக்கு ஆகஸ்ட் 5, இங்கே மே 8. இந்தக் குழப்பத்திலேயே போட்ட ஊசியைத் திரும்பப் போடச் சொல்வாங்க. காசநோய்ப் பரிசோதனை கேட்டா, பி.சி.ஜி. போட்ட குழந்தைன்னு சொல்லி ரத்தப் பரிசோதனையா எடுக்கச் சொல்லுங்க. தோலில் குத்திப் பார்க்கிறது பி.சி.ஜி.யால தப்பாக் காட்டலாம்.

முழு நாள்னாலும் மதியம் மூணு மணி வாக்கில் விட்டுருவாங்க. அதுக்கப்புறம் பார்த்துக்க ஆள் வெச்சா அந்தச் செலவு உங்களுது. அதுக்கு வரிச் சலுகை வேணும்னா பொதுவா ரெண்டு பேரும் வேலை பார்க்கணும். ஒருத்தர் எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரோட துணைக்குத் தருவது) வேலை அனுமதி இல்லாம வீட்டில் இருந்தால் கிடைக்காது.

வேற மாநிலம்னா விதியும் வேற. கலிஃபோர்னியாவில் 2025-26 முதல் செப்டம்பர் 1-க்குள் நாலு வயசு முடியும் எல்லாக் குழந்தைக்கும் டி.கே. (அங்கே கிண்டர்கார்டனுக்கு முந்தின வகுப்பு) இலவசம். நியூ ஜெர்சியில் சில டிஸ்ட்ரிக்ட்டுகளில் மட்டும் மூணு வயசிலேயே இலவசம், அதனால் வீடு பிடிக்கும் முன்னாடியே விசாரிங்க.

டெக்சாஸில் ப்ரீ-கே கட்டாயம் இல்லை. ஆனா சேர்ந்துட்டா வருகைக் கட்டாயம் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனி, அப்படியே கல்யாணம், கிடாவெட்டுன்னு ஜனவரியில் ஒரு மாசம் போயிட்டு வந்தா அனுமதியில்லாத விடுப்புன்னு எழுதுவாங்க. ஊர்ப் பயணத்தை ஜூன், ஜூலையில் வெச்சுக்கங்க. பள்ளி ஆகஸ்ட் நடு வாக்கில் திறக்கும், டிக்கெட் போடும் முன்னாடி டிஸ்ட்ரிக்ட் காலண்டரைப் பார்த்துக்கங்க.