பிட்ச்சர் களைத்துவிட்டாரா? காலைப் பாருங்கள்

"கை வலிக்குதாடா?" என்று கேட்டால், பேஸ்பாலில் பிட்ச்சர் (பேட்டருக்குப் பந்து எறிபவர்) நிற்கும் மேடான மவுண்டை விட்டு இறங்க மனமில்லாத 12 வயதுப் பையன் "இல்லப்பா, நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வான். என் மகனும் அப்படித்தான் சொன்னான். மறுநாள் காலையில் பல் துலக்க முழங்கையை மடக்க முடியாமல் நின்றான். அன்றோடு கேட்பதை விட்டுவிட்டு, பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

1. எண்ணுங்கள். ஒரு தாளில் இன்னிங்ஸ் வாரியாகக் கோடு போட்டாலே போதும். இளம் பிட்ச்சர்களுக்கான அமெரிக்காவின் பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதல்படி 11-12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துகள்தான் உச்சவரம்பு. 66ஐத் தொட்டால் 4 நாள் ஓய்வு.

2. முதல் இன்னிங்ஸிலேயே வீடியோ எடுங்கள். வலக்கைப் பிட்ச்சர் என்றால் அவருக்கு வலப்புறமுள்ள மூன்றாம் பேஸ் (பேட்டர் ஓடித் தொடும் இடங்களில் ஒன்று) பக்கம், இடக்கை என்றால் இடப்புறமுள்ள முதல் பேஸ் பக்கம், வேலிக்கு வெளியே நின்று ஸ்லோ மோஷனில் ஐந்து பந்துகள். களைக்காத உடம்பு எப்படி எறிகிறது என்பதற்கு இதுதான் உங்கள் அளவுகோல். பிறகு ஒவ்வொரு இன்னிங்ஸிலும் அதே இடத்தில் நின்று எடுங்கள்.

3. ஒப்பிடுங்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குக் கண் நேராகக் கைக்குத்தான் போகும். பேஸ்பாலில் வேகம் காலில் பிறந்து, இடுப்பு, மார்பு, தோள் வழியாக ஏறிக் கடைசியில்தான் விரலுக்கு வருகிறது. அதனால் கீழிருந்து மேலே பாருங்கள். முன்கால் முன்பு பதிந்த இடத்துக்கு எட்டாமல் முன்னதாகவே இறங்குகிறதா? அது தரையில் பதியும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். இடுப்பு பேட்டரை நோக்கித் திரும்பியிருக்க, மார்பு இன்னும் பக்கவாட்டிலேயே இருக்க வேண்டும். களைத்தவனுக்கு இரண்டும் ஒன்றாகத் திரும்பிவிடும். பந்தை விடும்போது உடம்பு முன்னே சாயாமல் நிமிர்ந்தே நிற்கும்; பந்து மேலே மேலே போகும். முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்கும்.

கீழ்ப்பாதி தராத வேகத்தைக் கையே ஈடுகட்டப் பார்க்கிறது. அந்தச் சுமை விழுவது முழங்கையின் உட்பக்கத் தசைநார் மேல். 1974இல் அமெரிக்கப் பிட்ச்சர் டாமி ஜானுக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் மாற்றிப் பொருத்தியது இதைத்தான். இளம் பிட்ச்சர்களைப் பற்றி 2006இல் வந்த ஆய்வு ஒன்று, களைத்த கையோடு வழக்கமாக எறிந்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சை வரை போகும் அபாயம் 36 மடங்கு என்றது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

4. பந்துகளுக்கு நடுவே கவனியுங்கள். கையை உதறுவது, தோளைச் சுழற்றிப் பார்ப்பது, அடுத்த பந்துக்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுப்பது. வீடியோவில் ஒரு மாற்றமும் இதில் ஒன்றும் சேர்ந்து தெரிந்தால் பயிற்சியாளரிடம் சொல்லி உடனே மாற்றிவிடுங்கள். வலி என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம்.

5. மாற்றிய பிறகு கேட்ச்சராக நிறுத்தாதீர்கள். பேட்டருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடித்து, பிட்ச்சருக்கு ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிபவர் கேட்ச்சர்தான். 41 பந்துகள் எறிந்த பிள்ளை அன்று கேட்ச்சராக ஆடக்கூடாது என்பது சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கின் விதி. முதல் பேஸில் நிற்கட்டும்.