வாரம் இரண்டு இரவு அடுப்பில்லாச் சாப்பாடு

மூன்று வேளையும் பச்சையாக என்று தொடங்கினால் இரண்டாம் நாளே பிள்ளைகள் முகம் திருப்புவார்கள், வயிறும் உப்பும். வாரத்தில் இரண்டு இரவு போதும்.

நான்கு பேருக்குக் கெட்டிச் சிவப்பு அவல் 2 டம்ளர், முளைகட்டிய பாசிப்பயறு 1 டம்ளர், துருவிய கேரட் 2, வெள்ளரிக்காய் 1, அரை மூடித் தேங்காய்த் துருவல், கொத்தமல்லி, ஒரு எலுமிச்சம்பழம். அவலை இருமுறை அலசி, மூழ்கும் அளவு தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். உப்பும் எலுமிச்சைச் சாறும் பரிமாறும்போதுதான். முன்பே சேர்த்தால் வெள்ளரி நீர்விட்டு எல்லாம் கூழாகிவிடும். (நெல்லை ஊறவைத்து வறுத்து இடிப்பதுதான் அவல். கறாராகப் பார்த்தால் அது பச்சை உணவே இல்லை. ஆனால் அது இல்லாவிட்டால் பத்து மணிக்குப் பசிக்கும்.)

பெரும்பாலும் கெடுவது முளைப்பயறு. அரை டம்ளர் பயறை 8 மணி நேரம் ஊறவைத்து, நீரைச் சுத்தமாக வடித்து, ஈரப் பருத்தித் துணியில் தளர்வாகக் கட்டுங்கள். தண்ணீர் தேங்கினாலோ காற்று போகாவிட்டாலோ பிசுபிசுத்து நாறும். அதைக் கழுவிப் பயனில்லை, கொட்டிவிடுங்கள். முளைவிடும் வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் தோதானவை. அதனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்களுக்கு ஆவி பறக்க நன்றாக வேகவைத்தே கொடுங்கள்.

ராஜ்மா, மரவள்ளிக்கிழங்கு இரண்டையும் பச்சையாகத் தொடவே வேண்டாம், நஞ்சு.