சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைப் பற்றி எழுதி, படமும் எடுப்பது எப்படி? முதல் தடவை போகிறவர்களுக்கு

"ஒரு ஆர்கெஸ்ட்ரா இருக்கு, எழுதிப் படமும் எடுத்துக் கொடுக்க முடியுமா?" என்று பத்திரிகை ஆசிரியர் போனில் கேட்டபோது எனக்குக் கல்யாண வரவேற்பு மேடைதான் ஞாபகம் வந்தது. கீபோர்டு, ரிதம் பேடு, பளபளக்கும் கோட்டில் ஒரு பாடகர். நம் ஊரில் ஆர்கெஸ்ட்ரா என்றால் அதுதானே. சரி என்று சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால் புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் 40 பேருக்கு மேல் அரைவட்டமாக உட்கார்ந்து வயலினும் அதன் பெரிய உறவான செல்லோவும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் என்று ஒருவரும் இல்லை.

அதற்குப் பிறகு இதுபோன்ற குழுக்களைப் பற்றிப் பல தடவை எழுதிவிட்டேன். முதல் தடவை செய்த தப்புகளையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன். நல்ல கேமராவைவிட ஒத்திகைக்குப் போக இரண்டு மாலை நேரம் இருப்பதுதான் இந்த வேலைக்கு முக்கியம்.

1. போனை வைக்கும் முன் கேட்க வேண்டியவை

எத்தனை சொற்கள், எத்தனை படங்கள், அட்டைக்கு நெடுக்குப் படம் வேண்டுமா, என்றைக்குக் கொடுக்க வேண்டும், எவ்வளவு தருவார்கள். கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாதீர்கள். என் முதல் கட்டுரைக்குக் காசு வர எட்டு மாதம் ஆனது. எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை.

குழுவின் பொறுப்பாளரிடம் அனுமதியும் அன்றே கேட்டுவிடுங்கள். இந்த மாதிரிக் குழுக்களில் பள்ளிப் பிள்ளைகளும் வாசிப்பார்கள். அவர்களின் முகம் தெரியும் படத்துக்குப் பெற்றோரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

2. வாசிக்கப்போவதை முன்பே கேட்டுவிடுங்கள்

நிகழ்ச்சி நிரலை வாங்கி, அதில் உள்ளதை வீட்டில் மூன்று தடவையாவது கேளுங்கள். இசை ஞானம் தேவையில்லை. எங்கே சத்தம் ஏறுகிறது, எங்கே நிற்கிறது, யார் எப்போது நுழைகிறார்கள் என்று தெரிந்தால் போதும்.

நான் போன முதல் குழு பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியை எடுத்திருந்தது. 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் முதலில் அரங்கேறியது. இதில் நான்கு பகுதிகள். டிராம்போன் (குழாயை இழுத்து இழுத்து ஊதும் பித்தளைக் கருவி) வாசிக்கும் மூவருக்கும் முதல் மூன்று பகுதிகளில் ஒரு ஸ்வரம்கூடக் கிடையாது. 20 நிமிடத்துக்கு மேல் கருவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். நான்காவது பகுதி வெடித்துத் திறக்கும் இடத்தில்தான் மூவரும் ஒன்றாகத் தூக்குவார்கள். இன்னொன்று: மூன்றாவது பகுதி முடிந்து நான்காவது தொடங்கும்போது இடைவெளியே இல்லை, ஒன்று மற்றதற்குள் ஓடிவிடும். "பகுதி முடிந்ததும் இடம் மாறிக்கொள்ளலாம்" என்று காத்திருந்தேன் நான். முடியவே இல்லை. டிராம்போன்கள் எழுந்த நேரத்தில் நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

அந்த மூவரும் காத்திருக்கும் படத்தை அடுத்த வருடம்தான் எடுத்தேன், வேறொரு குழுவில். ஒருவர் உதட்டை நக்கிக்கொண்டிருக்கிறார். ஒருவர் விரல்விட்டுத் தாளம் எண்ணுகிறார். நடுவில் இருப்பவர் கூரையைப் பார்க்கிறார். நான் எடுத்ததில் எனக்கு மிகப் பிடித்த படம் அது, அதில் யாருமே வாசிக்கவில்லை.

3. முதல் ஒத்திகைக்குக் கேமரா வேண்டாம்

நோட்டும் பேனாவும் போதும். ஒரு ஓரமாக உட்கார்ந்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று படம் வரைந்துகொள்ளுங்கள். பொதுவாகப் பார்வையாளருக்கு இடப்பக்கம் முதல் வயலின்கள், அடுத்து இரண்டாம் வயலின்கள், வலப்பக்கம் வயோலாவும் செல்லோவும், அவற்றுக்குப் பின்னால் எல்லாவற்றிலும் பெரிய டபுள் பேஸ். நடுவில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட். பின்வரிசையில் டிரம்பெட், டிராம்போன், டிம்பனி என்ற பெரிய முரசுகள். சில குழுக்கள் மாற்றியும் உட்கார்வார்கள். வயோலா வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தாழ்ந்தது. இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று கட்டுரையின் கடைசியில் தெரியும்.

தொடங்கும் முன் சுருதி சேர்ப்பார்கள். நம் கச்சேரியில் தம்பூரா செய்யும் வேலையை இங்கே ஓபோ செய்கிறது. அது ஒரே ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்க, மற்றவர்கள் அதோடு சேர்த்துக்கொள்வார்கள். நம் வயலின் வித்வான் சம்மணமிட்டு உட்கார்ந்து கருவியின் தலையைக் காலில் தாங்கி வாசிப்பார். இவர்கள் நாற்காலி நுனியில் அமர்ந்து தாடைக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொள்வார்கள். தமிழ் வாசகருக்கு எழுதும்போது இந்த ஒரு வித்தியாசத்தை இரண்டு வரியில் சொன்னால் அவருக்கு மேடையே கண்ணில் வந்துவிடும்.

குழுவை நடத்துபவரைக் கண்டக்டர் என்பார்கள். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் விசிலும் டிக்கெட்டும்தான். "நடத்துநர்" என்று தமிழில் போட்டாலும் பஸ் வாசனை போகாது. நான் "கண்டக்டர்" என்றே எழுதிவிட்டு, முதல் இடத்தில் மட்டும் அவர் என்ன செய்கிறார் என்று ஒரு வரி சேர்ப்பேன்.

இரண்டாவது ஒத்திகைக்குக் கேமராவோடு போங்கள். நிகழ்ச்சி நாளில் கிடைக்கவே கிடைக்காத இடம் ஒன்று இருக்கிறது: டிம்பனிக்குப் பின்னால். கண்டக்டரின் முகம் அங்கிருந்துதான் தெரியும், பார்வையாளருக்கு அவருடைய முதுகு மட்டுமே. ஒத்திகையில் அனுமதி கேட்டு அங்கே ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். அவர் முகம் சுளிப்பதும், நிறுத்தி, தாளில் உள்ள எண்ணைச் சொல்லி "மறுபடி, 48லேர்ந்து" என்பதும், தனக்குள் பாடிக்கொள்வதும் எல்லாம் கிடைக்கும்.

ஸ்டாண்டில் இருக்கும் தாள்களையும் கிட்டப் போய்ப் பாருங்கள். பென்சில் குறிகள் நிறைந்திருக்கும். வில் மேலே போக வேண்டுமா கீழேயா என்று ஒவ்வொரு இடத்திலும் குறித்திருப்பார்கள், அதனால்தான் பத்து வில்லும் ஒரே பக்கம் சாய்கின்றன. ஒரு தாளின் ஓரத்தில் சிறு பிள்ளைக் கையெழுத்தில் "ஓடாதே" என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடிட்டிருந்தது. வேகமாகப் போய்விடும் பழக்கம் போலிருக்கிறது. அந்தத் தாளை மட்டும் நெருக்கமாக ஒரு படம் எடுத்தேன், கட்டுரையில் முழு அகலத்துக்குப் போட்டார்கள்.

4. பேச்சு

"இசை உங்களுக்கு என்ன?" என்று கேட்காதீர்கள். "அது என் உயிர்" என்பார்கள், நீங்களும் எழுதிக்கொள்வீர்கள், வாசகர் தாண்டிப் போய்விடுவார். கருவியை எங்கே வாங்கினீர்கள், வீட்டில் எந்த நேரத்தில் பயிற்சி, பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கடலூரிலிருந்து ஒத்திகைக்கு வருவாள். 25 கிலோமீட்டர் போல இருக்கும். கையில் செல்லோ, பெட்டியோடு நிறுத்தினால் அவள் தோளைத் தாண்டும்.

"எப்படிம்மா கொண்டு வரே?"

"பஸ்லதான் அண்ணா. பின்சீட்டு ஓரத்துல நிறுத்திப் பிடிச்சுக்குவேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போடுவார். ஒருத்தர் மட்டும் 'உள்ள என்ன, ஆளா?'ன்னு கேட்டார்."

என் கட்டுரையின் முதல் பத்தி அங்கேயே கிடைத்துவிட்டது. காலையில் ஒரு கண்டக்டர், மாலையில் இன்னொரு கண்டக்டர்.

5. கேமரா அமைப்பு

ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவு) எடுங்கள், வெளிச்சத்தின் நிறத்தைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஃபிளாஷ் கூடவே கூடாது. ஃபோகஸுக்காக எரியும் சிவப்பு விளக்கு, பீப் சத்தம், எடுத்ததும் திரையில் படம் தெரிவது மூன்றையும் நிறுத்திவிடுங்கள். இருட்டு ஹாலில் உங்கள் திரை ஒரு டார்ச் லைட்.

லென்ஸ் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. 50 மி.மீ. எஃப் 1.8 ஒன்றும், கிடைத்தால் வாடகைக்கு ஒரு 70-200 எஃப் 2.8ம் போதும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 1600க்கும் 6400க்கும் நடுவில் இருக்கும். புள்ளி புள்ளியாக வருமே என்று பயப்படாதீர்கள், ஆடிப்போன படத்தைவிட அது மேல். வில் உறைந்து நிற்க ஷட்டர் வேகம் 1/250 நொடி. வில் மட்டும் கலங்கி முகம் தெளிவாக வேண்டுமென்றால் 1/30, பத்துக்கு ஒன்று தேறும்.

ஒத்திகை ஹாலில் டியூப் லைட் இருந்தால் ஒரு சிக்கல் உண்டு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். 1/250ல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். அங்கே 1/100 அல்லது 1/50 வைத்துக்கொள்ளுங்கள். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவின் சத்தமில்லாத ஷட்டர் எல்இடி மேடை விளக்கில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு போடலாம். ஒத்திகையிலேயே சோதித்துவிடுங்கள்.

எல்லாரும் கறுப்பு உடையில் இருப்பார்கள், பின்திரையும் கறுப்பு. கேமரா ஏமாந்து முகங்களை வெளுக்கச் செய்துவிடும். ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தைப் பாதியாக, குறையுங்கள்.

6. நிகழ்ச்சி மாலை

முதல் வயலின்களின் முகம் வேண்டுமென்றால் ஹாலின் வலப்பக்கம் நில்லுங்கள், செல்லோக்காரர்களுக்கு இடப்பக்கம். தரையிலிருந்து எடுத்தால் ஸ்டாண்டுகள் பாதி முகத்தை விழுங்கும். மாடம் இருந்தால் ஏறிவிடுங்கள்.

கோயிலில் நாதஸ்வரத்தையும் தவிலையும் படம் எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று பட்டாசு வெடித்தாலும் யாருக்கும் கேட்காது. இங்கே அப்படி இல்லை. அந்த முதல் குழுவில், சிம்பொனியின் இரண்டாம் பகுதியில், செல்லோக்கள் மெல்லப் பாடிக்கொண்டிருந்தபோது நான் எட்டு ஷாட் தொடர்ந்து அடித்தேன். ஹால் முழுக்கக் கேட்டது. இடைவேளையில் டபுள் பேஸ் வாசிக்கும் பெரியவர் வந்து, "தம்பி, நீங்க வாசிச்ச டக்கு டக்கு எங்க ஸ்கோர்ல இல்லையே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காது சுட்டது. டிரம்பெட்டும் டிம்பனியும் முழங்கும்போது எடுங்கள். இசை இறங்கினால் நீங்களும் கையை இறக்குங்கள். பகுதிகளுக்கு நடுவே கைதட்டும் வழக்கம் இல்லை என்பதால், அந்த நிசப்தத்திலும் நகர வேண்டாம்.

முடிந்த பிறகு கிளம்பிவிடாதீர்கள். பாராட்டு வாங்கி உள்ளே வந்தவுடன் அவர்கள் தளர்ந்து நாற்காலியில் சாயும் இரண்டு நிமிடம் இருக்கிறதே, அதற்காகவே காத்திருக்கலாம். ஆனால் ஏசி ஹாலிலிருந்து வெளியே வந்தவுடன் கேமராவை எடுக்காதீர்கள். புதுச்சேரிக் காற்றின் ஈரத்தில் குளிர்ந்த லென்ஸ் வெள்ளையாகப் பனி பூத்துவிடும். வாசலில் நின்ற குழுப் படம் எனக்கு அப்படித்தான் போயிற்று. பையின் ஜிப்பை மூடி 20 நிமிடமாவது விடுங்கள். இந்த ஈரம் அவர்களுக்கும் தொல்லைதான். மரம் ஊதி, தந்தியை முறுக்கும் பிரடை இறுகி, சுருதி நகரும். என் கேமரா பையில் இருக்கும் அதே சிலிக்கா ஜெல் பொட்டலம் அவர்கள் வயலின் பெட்டியிலும் இருக்கும்.

திறந்த வெளியில் என்றால்

பிரான்ஸில் 1982ல் தொடங்கிய இசைத் திருவிழாவை இங்கேயும் ஜூன் 21ஐ ஒட்டிக் கொண்டாடுகிறார்கள். அந்த மாதிரி நாளில் கடற்கரைச் சாலையில் வாசித்தால், மாலை 6 மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், சாமானைச் சுமக்கத் தயாராகப் போங்கள். கடல் காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஒவ்வொரு ஸ்டாண்டிலும் துணி காயப்போடும் கிளிப் மாட்டியிருப்பார்கள், பச்சை, ரோஸ், மஞ்சள். கறுப்பு உடைக்கு நடுவே அந்த கிளிப்புகளை விட்டுவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கேமராவின் மேல் படிந்த உப்பை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

7. எழுதுவதும் படக்குறிப்பும்

"இசை மழையில் நனைந்தனர்" என்று எழுதும் ஆசை வரும். நனைந்தவர் யார், என்ன செய்தார் என்று நோட்டில் தேடுங்கள். தாத்தா ஒருவர் தொடையில் தாளம் போட்டு, பாதியில் தப்பிப் போய், மறுபடி பிடித்தார் என்று இருந்தால் அதையே எழுதுங்கள். சிம்பொனியின் வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும்.

படக்குறிப்புக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இடமிருந்து வலமாகப் பெயர், கருவி, இடம், தேதி. முதல் கட்டுரையில் வயோலா வாசிப்பவரை வயலின் கலைஞர் என்று போட்டுவிட்டேன். 11 வருடமாக வயோலா வாசிப்பவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அவருடைய அம்மா ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

அதிலிருந்து அனுப்பும் முன் ஒவ்வொருவருக்கும் போன் போட்டுப் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டுவிடுகிறேன், இனிஷியல் உட்பட. கடலூர்ப் பெண்ணுக்குப் போட்டபோது இரைச்சலாக இருந்தது. "அண்ணா, ஒரு நிமிஷம், கண்டக்டர் வர்றார்" என்றாள். எந்தக் கண்டக்டர் என்று கேட்காமல் லைனிலேயே இருந்தேன்.