சென்னையில் 15,000 ரூபாய் வாடகை: உண்மையில் மாதம் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவது எப்படி?

டு-லெட் பலகையில் போட்டிருப்பது வாடகை மட்டும்தான். அந்த வீட்டில் குடியிருக்க மாதம் எவ்வளவு ஆகும் என்பதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். செலவுக் கணக்கு ஆப்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அவை பெரும்பாலும் மாதக் கணக்கிலேயே நிற்கும். இங்கே கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், பெயின்டிங் காசு வீட்டைக் காலி செய்யும்போதுதான் போகும்.

படி 1: அட்வான்ஸை மாதச் செலவாக மாற்றுங்கள்

2017-ஆம் வருடத்துத் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணமாகச் சொல்கிறது. 'வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால்' என்ற சொல்லும் அதில் இருப்பதால், பத்து மாதம் கேட்கும் ஓனர்கள் இன்னும் உண்டு. பத்து மாதம் என்றால் 1,50,000. அதை 7 சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் போட்டிருந்தால் மாதம் 875 ரூபாய் வந்திருக்கும். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை. காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு இன்னொரு மாத வாடகை பிடிப்பார்கள். இரண்டு வருடம் இருப்பதாக வைத்து இரண்டையும் 24-ஆல் வகுத்தால் தலா 625. ஆக, விளக்கைப் போடும் முன்பே 15,000 ரூபாய் வீடு 17,125 ஆகிவிட்டது. ஐந்து மாத அட்வான்ஸுக்குப் பேசி முடித்தால் மாதம் 437 ரூபாய் குறையும், அதனால் கூச்சப்படாமல் பேரம் பேசுங்கள்.

படி 2: ஈபி (கரண்ட் பில்)

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். ஓனரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "யூனிட் எவ்வளவு?" என்பதல்ல. "எங்க போர்ஷனுக்குத் தனி சர்வீஸா, இல்ல சப்-மீட்டரா?" என்பதுதான்.

தனி சர்வீஸ் என்றால் உங்கள் போர்ஷனுக்கென்றே மின்வாரிய இணைப்பு. சப்-மீட்டர் என்றால் ஓனரின் இணைப்பிலிருந்தே பிரித்து வைத்த மீட்டர். காரணம் இது. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வொரு மின் இணைப்புக்கும் உரியது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் அல்ல. 2024 ஜூலை கட்டணப்படி, மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. தனி சர்வீஸில் 300 யூனிட் ஓடினால் பில் 705 ரூபாய். ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வசூலிக்கும் சப்-மீட்டர் வீட்டில் அதே 300 யூனிட்டுக்கு 2,400. மாதம் 850 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகத் தண்டம்.

தனி சர்வீஸ் இருந்தாலும் 500-வது யூனிட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. சரியாக 500 என்றால் 1,805 ரூபாய். 501 ஆனால் 2,048! ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாயா என்று மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவரிடம் சண்டை போட வேண்டாம். 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரைக்கான 2.35 சலுகை போய், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 விழுகிறது. அதிலேயே 235 ரூபாய் கூடிவிடும். மீதி 8.40-தான் அந்த 501-வது யூனிட்டின் விலை.

ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசிக்கு மணிக்குச் சுமார் முக்கால் யூனிட் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி 8 மணி நேரம், 60 நாள்: 360 யூனிட். ஃப்ரிட்ஜ் நாளுக்கு ஒன்றே கால் யூனிட் என்றால் 75. ஃபேன், மோட்டார், மிக்ஸி சேர்ந்தால் 500 வாசலில் நிற்கும். அதனால் ரீடிங் எடுத்த தேதியிலிருந்து 50-ஆம் நாள் நீங்களே மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரின் திரை வோல்ட், ஆம்பியர் என்று மாறி மாறிக் காட்டும்; கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று வரும் எண் மட்டும்தான் நமக்கு வேண்டும். வீடு பார்க்கும்போதே சித்திரை, வைகாசி வெயிலில் வந்த பில்லைக் கேளுங்கள். மார்கழி பில்லைக் காட்டினால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

 

படி 3: தண்ணீர்

மெட்ரோ தண்ணீரா (குடிநீர் வாரியக் குழாய்), போரா (ஆழ்துளைக் கிணறு), லாரியா? குழாய்த் தண்ணீரில் சோப்பு நுரைக்கிறதா என்று பாருங்கள். குழாய் முனையில் வெள்ளைப் படிவம் இருந்தால் போர் தண்ணீர்தான். குடிக்க, சமைக்க இரண்டு பேருக்கு நாளுக்கு 10 லிட்டர் என்றால் மாதம் 15 கேன். கேன் 40 ரூபாய் என்று வைத்தால் 600. மாடிக்குத் தூக்கிவர தனிக் காசு கேட்பார்களா என்பதையும் கேளுங்கள். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கத்து அபார்ட்மென்ட்களில் லாரி செலவு மெயின்டனன்ஸில் ஒளிந்திருக்கும். கோடையில் மெயின்டனன்ஸ் எவ்வளவு என்று அபார்ட்மென்ட் சங்கச் செயலாளரிடமே கேட்பது நல்லது, ஓனருக்குப் பாதி நேரம் தெரியாது.

படி 4: பயணம்

கூடுவாஞ்சேரி மாதிரி தெற்குப் புறநகரில் வாடகை குறைவு, மின்சார ரயில் சீசன் டிக்கெட்டும் மலிவு. ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோ இருபது ரூபாய் என்றால் போக வர 40, மாதம் 26 நாளுக்கு 1,040. வாடகையில் மிச்சமானதாக நினைத்ததில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். பஸ்ஸிலேயே போகிறவர்களுக்கு மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாதப் பாஸ், ஏசி பஸ்ஸும் சேர்த்தால் 2,000. சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு இலவசம். ஆனால் உங்கள் ரூட்டில் அந்த பஸ் அலுவலக நேரத்தில் எத்தனை வருகிறது என்று ஒரு காலை நின்று எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: இரண்டு மாத ஈபி கணக்கின் நடுவில் குடியேறினால்?

முன்னால் இருந்தவர் 300 யூனிட் ஓட்டிவிட்டுப் போக, நீங்கள் 250 ஓட்டினால் பில் 550-க்கு வரும், அதாவது 2,460 ரூபாய். தனியாகப் பார்த்தால் உங்கள் 250-க்கு 470-தான். இந்த வித்தியாசத்தில்தான் தகராறு வரும். சாவி வாங்கும் அன்றே மீட்டரைத் தேதி தெரியும்படி போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப் அனுப்புங்கள். பிறகு யூனிட் விகிதத்தில் பிரித்தால் உங்கள் பங்கு 1,118. மீதி 1,342-ஐப் பழைய குடித்தனக்காரரின் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கும் முன்பே ஓனர் கழித்துக்கொள்ள வேண்டும், அதனால் பழையவர் லாரியில் சாமான் ஏற்றும் முன்பே ஓனரிடம் பேசுங்கள்.